தேங்க்ஃபுல் பெக்கின் கைவேலை அல்ல

பள்ளிப் பேருந்தின் காலை நடையை முடித்துவிட்டு வந்த லொரெயின் கடோரெட், கையிலிருந்த சாவியைக்கூடக் கீழே வைக்கவில்லை. அலமாரி மேலிருந்த பிஸ்கட் டப்பாவை இறக்கிச் சமையலறை மேசைமேல் கவிழ்த்தாள். பூசணிக்காய்கள் விழுந்தன. வௌவால்கள் விழுந்தன. முதுகு வளைத்த கறுப்புப் பூனை, கொடியில் காயும் மூன்று குட்டிப் பேய்கள், ஜன்னல் உடைந்த வீடு, தொப்பி போட்ட எலும்புக்கூடு. எல்லாம் கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறியாக நூலால் தைக்கும் கிராஸ் ஸ்டிச்சுக்குக் கட்டம் கட்டமாக அச்சடித்த மாதிரித் தாள்கள். பார்க்கப் பார்க்க அவளுக்கு விரல் நுனி அரித்தது.

மாசசூசெட்ஸில் ஆஷ்ஃபெல் சிற்றூரின் பேருந்தை இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓட்டுகிறாள். மழையில் நிற்கும் பிள்ளைகளை நிறுத்தம் இல்லாத இடத்தில் ஏற்றாதே என்று விதிப் புத்தகத்தைக் காட்டிய அதிகாரியிடம், அந்தப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மழையில் நிற்கவைத்துப் பாருங்கள் என்றவள். காலை நடைக்கும் மாலை நடைக்கும் இடையே உள்ள ஐந்து மணி நேரம் அவளுக்கும் ஊசிக்கும் சொந்தம்.

ஒவ்வொரு அக்டோபரிலும் பேய்த் திருநாளுக்காக ஊர் நூலகத்தில் பயமுறுத்தும் தையல்களை மாட்டுவார்கள். இத்தனை ஆண்டும் லொரெயினின் துணிக்குக் கிடைத்தது நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பின்னாலுள்ள மூலை. இந்த ஆண்டு முதன்முறையாக நடுச்சுவர். நான்கு வாரத்தில் கொடுக்க வேண்டும். ஒன்றுதான் தைக்க முடியும். எதைத் தைப்பது?

நூலகக் கமிட்டிக்காகச் சுவரில் யாருக்கு எந்த இடம் என்று பிரித்துக் கொடுக்கும் பெவ் டார்லிங்டனே ஆப்பிள் டோனட் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தாள். இருவரும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சிநேகிதிகள்.

"என்னடி இது, சுடுகாட்டையே மேசைல கொட்டி வச்சிருக்க?"

"இந்தப் பூனையப் பாரேன். அப்படியே உன் மாமியார் மொறைக்கிற மாதிரியே இல்ல?"

"என் மாமியாருக்கு மீசை இதவிட அதிகம்டி." பெவ் ஒரு தாளை உருவினாள். பச்சை முகம், கொக்கி மூக்கு, துடைப்பம். "இதப் போடு. சூனியக்காரி. நம்ம ஊருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. வெளியூர்க்காரங்க வரிசையில நின்னு படம் பிடிப்பாங்க."

லொரெயின் அந்தத் தாளை வாங்கிக் குப்புறக் கவிழ்த்தாள்.

அவளுடைய ஏழாவது நிறுத்தத்துக்கு அருகே ஒரு கல் இருக்கிறது. ‘சூனியக்காரி தேங்க்ஃபுல் பெக் இங்கே தூக்கிலிடப்பட்டாள்.’ சூனியக்காரி எனப்பட்டவள் என்றுகூட அதில் இல்லை. அக்டோபர் வந்தால் யாராவது அதன்மேல் பிளாஸ்டிக் துடைப்பம் சாத்திவிட்டுப் போவார்கள். கோடை விடுமுறையில் லொரெயின் முன்னூறு ஆண்டுக்கும் முந்தைய அந்த வழக்கின் நகலை நூலகத்தில் வாங்கிப் படித்தாள். மூன்று குற்றச்சாட்டுகள்: பக்கத்து வீட்டுப் பசுவுக்குப் பால் வற்றியது, வெண்ணெய் திரளவில்லை, பீப்பாயிலிருந்த பீர் புளித்தது. அவ்வளவுதான். இதற்கு ஒரு கயிறு. நன்றியுள்ளவள் என்று பொருள்படும் பெயர் வைத்திருந்தவளுக்கு ஊர் செலுத்திய நன்றி அது.

"பீர் புளிச்சா தூக்குன்னா, என் புருஷன் நார்ம் வடிக்கிற பீருக்கு இந்தத் தெருவையே தொங்கவிடணும்," என்றாள் லொரெயின். "இரு, ஒண்ணு காட்டறேன்."

டப்பாவின் அடியிலிருந்து அவளே பென்சிலால் வரைந்த கட்டத்தாளை எடுத்தாள். அந்தக் காலத்துச் சிறுமிகள் எழுத்தும் தையலும் பழகத் தைத்த துணி போன்ற அமைப்பு. நூலகத்தில் கண்ணாடிக்குள் அப்படி ஆறு இருக்கின்றன; ஒவ்வொன்றின் அடியிலும் பெயர், வயது, பிறகு ‘இவள் கைவேலை’ என்று தைத்திருக்கும். லொரெயினின் தாளில் சுற்றிலும் வௌவால், பூனை, குட்டிப் பேய். நடுவில் வரி வரியாக: பால் வற்றியது. வெண்ணெய் திரளவில்லை. பீர் புளித்தது. கடைசி வரியில் பக்கத்துக்கு ஒரு பூசணிக்காய். நடுவே: ‘தேங்க்ஃபுல் பெக் கைவேலை அல்ல.’

பெவ் டோனட்டைக் கீழே வைத்தாள்.

"அடிப்பாவி. ஜனங்க சிரிச்சுப் பயப்பட வருவாங்க. நீ வழக்கு நடத்தறியே! கமிட்டிக்காரங்க உன்னைத் திரும்ப நகல் மெஷின் பக்கமே தள்ளிடுவாங்க."

"பூனை இருக்கு, பேய் இருக்கு. இதவிடப் பயங்கரமா என்ன வேணும்? ஒரு மனுஷியப் பீருக்காகக் கொன்னிருக்காங்கடி!"

பெவ் பென்சிலின் முனையால் கட்டங்களை எண்ணத் தொடங்கினாள். தவறாக எண்ணித் தைத்ததைப் பிரிப்பதற்குத் தையல்காரிகள் வைத்திருக்கும் பெயர் ‘தவளை’. பிரி, பிரி என்பதை ஆங்கிலத்தில் ‘ரிப் இட், ரிப் இட்’ என்று சொன்னால் தவளை கத்துவதுபோல் கேட்கும். நான்கு வாரத்தில் ஒரு தவளைக்குக்கூட இடமில்லை.

"கத்தப் போவுது தவளை," என்றாள் பெவ். "துணி நூத்தி நாப்பது கட்டம். உன் கடைசி வரி நூத்தி ஐம்பத்தி ரெண்டு."

லொரெயின் இரண்டு முறை எண்ணினாள். உண்மைதான். பன்னிரண்டு கட்டம் வெளியே நின்றது. எழுத்தை இதற்குமேல் சிறிதாக்கினால் படிக்க முடியாது. ‘அல்ல’ என்பதற்கு அவர்கள் மொழியில் மூன்றே எழுத்து. அந்த மூன்றுக்குத்தான் துணியில் இடமில்லை.

"அப்ப அத எடுத்துட்டு ஒரு கேள்விக்குறி போட்டுடேன்," என்றாள் பெவ். "கைவேலையா? அப்படின்னு. கமிட்டிக்கும் உறுத்தாது."

"கேள்வியெல்லாம் அப்பவே அவளக் கேட்டு முடிச்சிட்டாங்க, பெவ். பதிலத்தான் யாரும் எழுதல."

பெவ் மறுபடி மூன்று குற்றச்சாட்டுகளையும் படித்தாள். அவள் உதடு மெல்ல அசைந்தது. பீர் என்ற இடத்தில் சற்று நின்றாள். பிறகு ரப்பரை எடுத்து வலப்பக்கப் பூசணிக்காயை அழித்தாள். ஆஷ்ஃபெல்லில் பூசணிக்காய் இல்லாமல் அக்டோபர் வராது என்று ஊருக்கே சொல்லித் திரிபவள், இடப்பக்கத்தையும் அழித்தாள்.

"எண்ணுடி."

லொரெயின் எண்ணினாள். நூற்று முப்பத்து நான்கு. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று கட்டம் காலி.

"கமிட்டி?"

"நடுச்சுவருக்கு ஆணி அடிக்கிறவ நான். அவங்க வேணும்னா வந்து பிடுங்கிப் பாக்கட்டும்."

லொரெயின் அவளை இழுத்து அணைத்து, டோனட் மாவு ஒட்டிய கன்னத்தில் முத்தமிட்டாள். துணியை நான்காக மடித்து நடுக்கட்டத்தைக் கண்டுபிடித்தாள். ஆரஞ்சு நூலைக் கோத்தாள். மாலை நடைக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.