ஒரு முறை மட்டும் வென்ற வெள்ளையம்மாள்

பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு விலை கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. மிளகு விற்ற பெண் மலையிலிருந்து இறங்கி வந்தவர். எங்கேயோ பார்த்த முகம் என்பதுபோல என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க ஆஸ்பத்திரி சிஸ்டருதானுங்களே? எம்.எல்.ஏ. அம்மா காத்தால போயிட்டாங்க. தெரியுமுங்களா?" என்றார்.

எந்த எம்.எல்.ஏ. என்று நான் கேட்கவில்லை. வெள்ளையம்மாளின் பதவி போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்குப் பிறகு வேறு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஆனாலும் கொல்லிமலையில் எம்.எல்.ஏ. அம்மா என்றால் அவர் ஒருவர்தான். "நேத்து சாயங்காலங்கூட யாரையோ திட்டிட்டுத்தான் இருந்தாங்களாம்" என்றார் அந்தப் பெண். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிளகு வாங்காமல் மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

மறுநாள் பத்திரிகையில் உள்பக்கத்து மூலையில் நாலு வரி. முன்னாள் எம்.எல்.ஏ. காலமானார், மூன்று முறை போட்டியிட்டு ஒரு முறை வென்றவர், எளிமையானவர். ஒரு பாடத்தில் மட்டும் தேறிய மாணவியைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. அதைவிட அந்த 'எளிமையானவர்' என்ற சொல்தான் என்னை எரிச்சல்படுத்தியது. அவரை அறிந்த நீங்கள்தான் இந்த அஞ்சலியைப் படிக்கப்போகிறீர்கள். அவரா எளிமையானவர்? நல்ல சேலை என்றால் உயிர். மேடையில் தன் நாற்காலியை ஓரமாகப் போட்டிருந்தால், எழுந்து நின்று, எல்லோரும் பார்க்க அதை நடுவுக்கு இழுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்காருவார். ஒருவர் மீது கோபம் வந்தால் பேச்சு வார்த்தை மாதக்கணக்கில் கிடையாது. கடைசி வரை பஸ்ஸில் போனார் என்று எழுதியிருக்கிறார்கள். போனார்தான். ஜீப்பைத் தேர்தலுக்காக விற்றுவிட்டதால் போனார். இல்லாமையை எளிமை என்று பெயர் மாற்றிக்கொள்வது நமக்குச் சுலபமாக இருக்கிறது.

நான் கீழ்நாட்டுக்காரி. மலைமேல் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக வேலைக்குப் போனேன். போன புதிதில் ஒரு மழை மதியம், கம்பில் போர்வையைத் தூளிபோலக் கட்டி ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; திருப்புலி நாட்டில் ஊத்துவளவு என்ற சிற்றூர். பிரசவ வலி கண்ட பெண்ணைக் காட்டுவழியாகப் பஸ் ரோடு வரைக்கும் சுமந்து, அங்கே ஒரு லாரியை மறித்து ஏற்றி வந்திருந்தார்கள். கம்பின் முன்பக்கத்தைத் தோளில் வைத்திருந்தது ஒரு பெண் என்பதைக் கிட்டே வந்தபோதுதான் கவனித்தேன். அவர்தான் வெள்ளையம்மாள். அப்போது ஒன்றியக் கவுன்சிலர். ஆலத்தூர் நாட்டுக்காரர்; ஊத்துவளவுக்கு ஏதோ கூட்டத்துக்குப் போனவர், அங்கிருந்து இப்படித் திரும்பியிருந்தார்.

தாய் பிழைத்துக்கொண்டாள். பாக்கியம் என்று பெயர். குழந்தை பிழைக்கவில்லை. வராந்தாவில் ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டு நின்ற வெள்ளையம்மாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க சிஸ்டரு, எத்தன நேரம் முன்னாடி வந்திருந்தா புள்ள இருந்திருக்கும்?"

நான் தயங்கினேன்.

"சமாதானம் ஒண்ணும் சொல்லாதீங்க. நேரத்தச் சொல்லுங்க."

"ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தாக்கூடப் பார்த்திருக்கலாம்."

"நாங்க பஸ் ரோட்டுக்கு வாரதுக்கே அதுக்கு மேல ஆச்சுங்களே" என்றார். மழையில் இறங்கிப் போய்விட்டார். ஊத்துவளவுக்குச் சாலை என்ற பேச்சு அன்று ஆரம்பித்தது. அவருடைய அரசியல் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு சாலையைச் சுற்றியே நடந்தது என்று சொன்னால் மிகையில்லை.

எங்கள் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. மலை பாதி, கீழ்நாடு பாதி. அவருடைய கட்சி முதல் முறை அவரை நிறுத்தியபோது, கட்சிக்கே ஜெயிக்கும் நம்பிக்கை இல்லை. கீழ்நாட்டு ஊர்களில், "மலையில இருந்து வந்து எங்களுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். "இத்தன நாளா கீழ இருந்து மேல வந்தவங்க எங்களுக்கு என்ன பண்ணுனாங்களோ, அதவிடக் கொஞ்சம் சேத்தே பண்றேனுங்க" என்றாராம். கைதட்டினார்கள். ஓட்டுப் போடவில்லை.

அடுத்த தேர்தலில் மாநிலம் முழுக்க அவர் கட்சிப் பக்கம் காற்று அடித்தது. வென்றார். வாழ்த்துச் சொல்லப் போன என்னிடம் முகத்தைச் சுளித்தார். "எனக்கா போட்டாங்க? சின்னத்துக்குப் போட்டாங்க சிஸ்டரு. இருக்கட்டும். போயி ஒக்காரப்போறது நான்தானே."

சட்டமன்றத்தில் முதல் பேச்சுக்கு நேரம் ஒதுக்கியபோது அவர் தயாரானது எங்கள் சுகாதார நிலையத்தில்தான். நோயாளிகள் போன பிறகு பெஞ்சில் உட்காருவார். நாடி பார்க்கும் என் கைக்கடிகாரத்தை வைத்து நான் நேரம் பார்ப்பேன். மூன்று நான்கு நாள் பேசிப் பேசி, ஊத்துவளவுச் சாலையைக் கச்சிதமாகக் கொடுத்த நேரத்துக்குள் அடக்கிவிட்டார். ஆனால் சென்னையில், கட்சியின் மூத்தவர் ஒருவர் முந்தைய நாள் ஒரு தாளை நீட்டியிருக்கிறார். முதலில் தலைவர்களைப் போற்றிவிட்டுத்தான் தொகுதிக்கு வரவேண்டுமாம். அது வழக்கமாம். வெள்ளையம்மாளும் போற்றினார். பெயர்களும் பட்டங்களும் முடிந்து, "எங்கள் மலையில்" என்று ஆரம்பித்ததும் மணி அடித்துவிட்டது. உறுப்பினர் உட்கார வேண்டும் என்றார்கள். உட்கார்ந்தார்.

ஊர் திரும்பியதும் என் முன்னால் வந்து அமர்ந்து, "எங்கள் மலையில்" என்ற அந்த இரண்டு வார்த்தையை மட்டும் சொல்லிக் காட்டினார். "இதுக்குத்தான் அவ்வளவு தூரம் போயிட்டு வாரேன்" என்றார்.

இரண்டாவது வாய்ப்பு அடுத்த ஆண்டு வந்தது. இந்த முறை எழுந்தவுடனே, "ஊத்துவளவுன்னு ஒரு ஊர் இருக்குங்க" என்று ஆரம்பித்து, சாலையைச் சொல்லி, பாக்கியத்தின் குழந்தையைச் சொல்லி, மணி அடிப்பதற்குள் முடித்து உட்கார்ந்தார். அவர் கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டவில்லை. வெளியே நடைக்கூடத்தில் அதே மூத்தவர் நிறுத்தி, "தலைவர் பேரைச் சொல்ல உங்களுக்கு நேரமில்லையாம்மா?" என்று கேட்டார்.

"போன தடவயே ரெண்டு தடவைக்குஞ் சேத்துச் சொல்லிட்டனுங்களே" என்றார் இவர்.

இந்தப் பதிலை மலை முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் அவரோடு சண்டை போட்டேன். "ஒரு வரி சொல்லிட்டுப் போனா என்ன குறைஞ்சு போகும்? உங்களுக்கு ரோடு வேணுமா, ரோஷம் வேணுமா?" என்று கேட்டேன்.

"ஒரு வரி சொன்னா ரெண்டாவது வரி கேப்பாங்க சிஸ்டரு. அப்பறம் மணி அடிச்சிரும்."

அவர் சொன்னது சரியா, நான் சொன்னது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பேச்சுக்குப் பலன் இருந்தது. அதை மறுக்க முடியாது. சாலைக்கு உத்தரவு வந்தது. காட்டுவழியாகப் போவதால் அனுமதிக்காக ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்ட, அவர் இரண்டு இடத்திலும் போய் உட்கார்ந்துகொண்டு வாங்கினார். அளந்தார்கள், கல் நட்டார்கள், ஜல்லி கொட்டினார்கள். பஸ் ரோட்டிலிருந்து கிளம்பிய சாலை பாதித் தூரத்தில் குறுக்கிடும் ஓடை வரைக்கும் வந்து சேர்ந்தது. பாலத்துக்குத் தனி உத்தரவு வேண்டும் என்றார்கள். அதற்குள் தேர்தல் வந்துவிட்டது. கட்சி அவருக்குச் சீட்டு கொடுக்கவில்லை.

யாரும் காரணம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. அவர் கோபித்துக்கொண்டு சுயேச்சையாக நின்றார். பலாப்பழச் சின்னம் கேட்டார். மலைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டிருந்தார். இன்னொரு சுயேச்சையும் அதையே கேட்டதால் குலுக்கல் நடந்து, பலாப்பழம் அவருக்குப் போய்விட்டது. இவருக்குக் கிடைத்தது அலமாரி. "எங்க மலையில எத்தன ஊட்டுலீங்க அலமாரி இருக்குது?" என்று அதிகாரியிடமே கேட்டாராம். ஜீப்பை விற்று, வாடகை வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, வளவு வளவாக, ஒவ்வொரு சிற்றூராகப் போய் அலமாரி என்றால் என்ன என்று படத்தைக் காட்டி விளக்கினார்.

டெபாசிட் போனது. ஊத்துவளவுக்காரர்கள் ஓட்டுப் போடும் சாவடியிலும் அலமாரிக்கு விழுந்தது சொற்பம்தான்.

முடிவு வந்து சில நாள் கழித்து எங்கள் சுகாதார நிலையத்தில் வெள்ளையம்மாள் உட்கார்ந்திருந்தார். ரத்த அழுத்தம் பார்க்க வந்திருந்தார். அப்போது பாக்கியம் தன் இரண்டாவது குழந்தைக்கு ஊசி போட வந்தாள். இவரைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, எங்க வளவுல ஒரு ஓட்டு வெளிய போவலீங்க. எல்லாம் உங்களுக்குத்தான் போட்டோம்."

வெள்ளையம்மாள் அவளைப் பார்த்தார். "எதுல கண்ணு போட்டீங்க?"

"உங்க சின்னத்துலதானுங்க. போன தடவ போட்டமே, அதே சின்னம். அலமாரி அலமாரின்னு ஏதோ சொன்னாங்க, நாங்க ஏமாறலீங்களே."

நான் வாயைத் திறந்தேன். வெள்ளையம்மாள் என் கையை அழுத்திப் பிடித்தார். "சரி கண்ணு. நல்லதாப் போச்சு. புள்ளைக்கு ஊசியப் போட்டுட்டுப் போ" என்றார்.

அவள் போனதும் நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "எதுக்கு மறைச்சீங்க? அடுத்த தடவையாவது தெரிஞ்சு போட வேண்டாமா?"

"சொன்னா அழுவா. அழுதா ஓட்டு திரும்பி வருமா?" என்றார். பிறகு ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைத் தானே கையிலிருந்து உருவி மேசைமேல் வீசினார். "அந்தச் சின்னத்த அவங்களுக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தானுங்க சிஸ்டரு. நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்கேன்." அன்று அவருக்கு அழுத்தம் எவ்வளவு என்று நான் பார்க்கவே இல்லை. பார்க்க அவர் விடவில்லை.

அவ்வளவுதான் அவருடைய தேர்தல் கணக்கு. பத்திரிகை எழுதியது பொய்யில்லை. மூன்று முறை நின்றார், ஒரு முறை வென்றார்.

அவருடைய அடக்கத்துக்குப் பெரிய கார்கள் வந்தன. சாவு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் படம் போட்ட பிளக்ஸ் போர்டுகள். சீட்டு மறுத்தவர்கள் ஒரு போர்டு, தோற்கடித்தவர்கள் ஒரு போர்டு. மாலை போட்ட பிரமுகர் ஒருவர் ஒலிபெருக்கியை வாங்கி, "மலைமகள் வெள்ளையம்மாளின் சாலைக் கனவை நிறைவேற்றியே தீருவோம்" என்றார்.

கூட்டத்தில் பாக்கியம் நின்றிருந்தாள். ஊத்துவளவிலிருந்து ஓடை வரை நடந்து, ஓடையில் இறங்கி ஏறி வந்திருந்தாள்; சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. "கனவெல்லாம் இல்லீங்க" என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னாள். "ஓடை வரைக்கும் ரோடு வந்து நிக்குது. பாலந்தானுங்க வேணும்."

அவர் அவள் பக்கம் திரும்பி, சாவு வீட்டுக்கு ஏற்ற மெல்லிய குரலில், "ஆகட்டும்மா. கொஞ்சம் பொறுமையா இருங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் அவளை இதமாகப் பின்னால் இழுத்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை நின்றுபோய்விட்டது.

ஏனென்றால் பொறுமை என்ற இதே வார்த்தையை வெள்ளையம்மாளிடம் சொன்ன ஒருவரை நான் அறிவேன். பதவி போன பிறகும், திங்கட்கிழமைகளில் நாமக்கல்லில் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு முதல் பஸ்ஸில் மலையிறங்கிப் போய், வரிசையில் நின்று அந்தப் பாலத்துக்கு மனு கொடுப்பார் வெள்ளையம்மாள். நான் ஓய்வுபெற்றுப் பேளுக்குறிச்சிக்கு வந்தபின் சில முறை கூடப் போயிருக்கிறேன். போன வருடம் ஒரு முறை, புதிதாக வந்திருந்த இளம் அதிகாரி, மரியாதையாகவே, "நீங்க இப்ப எம்.எல்.ஏ. இல்லையேம்மா, எதுக்கு இந்த வயசுல அலையறீங்க? பொறுமையா இருங்க, நடக்கும்" என்றார்.

"மனு குடுக்க எம்.எல்.ஏ.வா இருக்கோணுமுங்களா?" என்று ஆரம்பித்தார் இவர். குரல் உயர்ந்துவிட்டது, கூடமே திரும்பிப் பார்த்தது. "பொறுமையெல்லாம் எங்க மலைக்கு நெறையக் குடுத்துட்டீங்க சாமி. அத வெச்சுக்க எடமில்ல. வேற ஏதாச்சும் இருந்தாக் குடுங்க."

வெளியே வந்து டீ குடிக்கும்போது, "ரொம்பக் கத்திட்டனுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இருக்கட்டும்" என்று சொல்லி, இன்னொரு டீ சொன்னார்.

அவருக்கு இரங்கல் கூட்டம் நடத்தப்போவதாகச் சொல்கிறார்கள். அவர் எளிமையைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருப்பார்கள், பேசட்டும். அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அவருடைய பொறுமையின்மையை. எனக்கு அது இயல்பில் இல்லாத குணம். நாற்பது வருடம் நோயாளிகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லியே சம்பளம் வாங்கியவள் நான். இப்போதுதான் பழகுகிறேன். வரும் திங்கட்கிழமை ஊத்துவளவுக்காரர்கள் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்குகிறார்கள். மனுவைப் பாக்கியம் கொடுக்கிறாள். கத்துவதற்கு நான் கூடப் போகிறேன்.