புளோறன்ஸ் அக்காவின் இடது கால்

எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் நின்று "சார்ஜன்ட்!" என்று கூப்பிட்டுப் பாருங்கள். பொலிஸ்காரர் யாரும் வர மாட்டார்கள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எவன்டா அது?" என்று புளோறன்ஸ் அக்காதான் வெளியே வருவார். அந்தப் பட்டத்தை வைத்தவர்கள் ஒழுங்கையின் திரீவீலர்காரர்கள். வைத்ததில் பிழை இல்லை.

அக்கா பிறந்தது இந்த ஒழுங்கையின் ஒரு முனையில், கலியாணம் கட்டிப் போனது மறு முனைக்கு. துறைமுகத்தில் வேலை செய்த கணவர் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. அன்றிலிருந்து சோத்துப் பார்சல்தான் பிழைப்பு. வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் சேலைக்கடைக்கும், காலி வீதி நெடுகிலும் உள்ள கடைகளுக்கும் மதியச் சாப்பாடு அவருடையதுதான். எங்கள் ஒழுங்கைப் பொடியன் அனுஜனின் திரீவீலரில் அவரும் பார்சல்களும் வந்து இறங்கும்போது, கத்தரிக்காய்ப் பிரட்டலின் வாசனை பிடித்தே எங்கள் கடைப் பெட்டைகள் கையைக் கழுவப் போய்விடுவார்கள்.

அவருடைய வீட்டுச் சுவரில் கிறிஸ்து அரசர் படம் ஒன்று இருக்கிறது. தலையில் மணிமுடி, கையில் செங்கோல். அக்கா அவரை இயேசு என்றோ ஆண்டவர் என்றோ சொல்வது அபூர்வம். "என்ர ராசா" என்றுதான் சொல்வார். கோயில் கூட்டுவது ராசாவுக்கு, பீடத்துக்குப் பூக்கட்டுவது ராசாவுக்கு, ஒழுங்கையில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சியும் கொத்தமல்லித் தண்ணியும் கொண்டு ஓடுவதும் ராசாவுக்கு. "கொஞ்சம் இருந்து மூச்சு விடுங்கோவன் அக்கா" என்றால் என்மேல் எரிந்து விழுவார்.

"ராசாவுக்குப் படை வேணும், யோசெப்பின். படுத்துக் கிடக்கிற ஆக்கள் எதுக்கு?"

கொடுப்பதில் இப்படி. வாங்குவதில்? அதை ஏன் கேட்கிறீர்கள். ஒருவர் வீட்டில் ஒரு கோப்பை தேத்தண்ணி குடிக்க மாட்டார். போன வருடம் அவருக்கே காய்ச்சல் வந்தபோது, வத்தளையில் தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு உள்ளே கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திருந்தார். நான் வாசலில் நின்று, "அக்கா, வத்தளையில இருமினா கொட்டாஞ்சேனையில கேக்குமே?" என்றேன். இருமல் நின்றுவிட்டது. கதவு திறக்கவில்லை.

இதோடு நின்றால் பரவாயில்லை. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்து போவார். தவக்காலம் வந்தால் வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையும் வெறுங்கால்தான். லொறிகள் ஓடி ஓடித் தார் உருகிக் கிடக்கும் வீதி அது. இரத்தத்தில் சீனி வருத்தம் உள்ள மனுசி அதில் செருப்பில்லாமல் நடக்கலாமா? நான் கேட்காத நாளில்லை.

"ராசா உங்களிட்டக் கேட்டவரே, செருப்பைக் கழட்டச் சொல்லி?"

"கேட்டுத்தான் குடுக்க வேணுமே? இது நான் அவருக்குக் குடுக்கிற காணிக்கை. நீ உன்ர வாயை மூடு."

இந்தத் தவக்காலத்தின் நடுவில் அக்கா இடது காலில் மட்டும் சொக்ஸ் போட்டுக்கொண்டு திரிந்தார். கொழும்பு வெயிலில், ரப்பர் செருப்போடு, ஒற்றைச் சொக்ஸ்! "குளிருது" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரைக் கதிரையில் அமுக்கி இருத்திச் சொக்ஸைக் கழற்றினேன். சின்ன விரலுக்குக் கீழே, உள்ளங்காலில், ஆணியோ கண்ணாடியோ ஏறிய காயம். ஓரம் கறுத்து, சீழ் வைத்து, மணக்கத் தொடங்கியிருந்தது. குத்தியதே தெரியவில்லையாம். சீனி வருத்தம் காலின் உணர்ச்சியைத் தின்றுவிட்டது.

எங்கள் ஒழுங்கை மூலையில் இருக்கும் சவரிமுத்து அண்ணைக்கும் இப்படி ஒரு காயத்தில்தான் தொடங்கியது. இன்றைக்கு அவருக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

"இப்பவே கிளினிக்குக்கு வாங்கோ."

"உயிர்ப்பு ஞாயிறு முடியட்டும். பெரிய கிழமை வேலை எல்லாம் ஆர் செய்யிறது? நீயே?"

"கால் போனா எதால நடந்து செய்வியள்?"

"பாதரிட்ட கீதரிட்டச் சொன்னியோ, உன்ர முகத்தில முழிக்க மாட்டன். சொல்லிப்போட்டன்."

நாங்கள் ஒவ்வொரு நாளும் சண்டை பிடித்தோம். ஒவ்வொரு நாளும் அவரே வென்றார்.

இதற்கிடையில் எங்கள் கோயில் பங்குச் சபை ஒரு காரியம் செய்தது. பெரிய வியாழன் பூசையில், இயேசு தன் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, குருவானவர் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார் அல்லவா? அந்தப் பன்னிரண்டில் புளோறன்ஸ் அக்காவின் பெயரையும் போட்டுவிட்டார்கள். ஒழுங்கைக்கே பெருமை. அக்கா மட்டும் பேயடித்த மாதிரி என்னிடம் வந்தார்.

"வலது கால் மட்டும்தானே கழுவுறவை?"

"ஓம். எங்கட கோயில்ல எப்பவும் வலது கால் மட்டும்தான்."

"அப்ப சரி" என்று மூச்சு விட்டார்.

நான் மனதுக்குள் வேறு கணக்குப் போட்டிருந்தேன். பூசை முடிந்ததும் பாதரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. முகத்தில் முழிக்காவிட்டால் போகட்டும். எனக்கு அவருடைய கால் வேண்டும்.

பெரிய வியாழன் மாலை கோயில் நிரம்பி வழிந்தது. பாடகர் குழுவில் கீபோர்ட் வாசிப்பவள் நான் என்பதால் என் இடம் பீடத்துக்குப் பக்கத்தில். பன்னிரண்டு கதிரைகளும் எனக்கு நேர் எதிரே. புதுப் பங்குத்தந்தை பாதர் மரியதாஸ், ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர், வந்து சில மாதங்கள்தான். துவாயை இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் கதிரைக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். முதல் ஆள் நம்ம அனுஜன். வலது காலை நீட்டினான். உரித்த முட்டை மாதிரி அப்படி ஒரு வெள்ளை! பாதர் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, முத்தமிட்டார். அனுஜன் சப்பாத்தைப் போடக் குனிந்தான்.

"மற்றக் காலயும் குடுங்க தம்பி" என்றார் பாதர்.

அனுஜன் முழித்த முழி இருக்கிறதே! பாவம், வழக்கம் தெரிந்தவன், வலது காலை மட்டும்தான் தேய்த்துக் குளிப்பாட்டிக் கொண்டு வந்திருக்கிறான். இடது கால் திரீவீலரை விட்டு இறங்கியபடியே, எஞ்சின் எண்ணெயும் கறுப்பு நகமுமாக வெளியே வந்தது. முன்வரிசையில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் தும்மினார். பேசினில் தண்ணீர் கறுத்தது. பாதரும் சிரித்துவிட்டார். அடுத்தவரும் அதே கதை, அதற்கடுத்தவரும் அதே கதை. கொட்டாஞ்சேனையின் வலது கால்கள் எல்லாம் மாப்பிள்ளைகள், இடது கால்கள் எல்லாம் அநாதைகள். கோயிலே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. பெரிய வியாழனில் அப்படிச் சிரிப்பை நான் கண்டதில்லை.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கடைசிக்கு முந்திய கதிரையில் புளோறன்ஸ் அக்காவின் முகத்தில் இரத்தமே இல்லை. இடது காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு, வாசல் எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதர் அவரிடம் வந்தார். வலது கால் கழுவப்பட்டது. பாதரின் கை மற்றக் காலுக்கு நீண்டது.

"ஒண்டு போதும் பாதர்" என்றார் அக்கா மெதுவாக.

"எல்லாருக்கும் ரெண்டும் கழுவியாச்சே அக்கா."

"எனக்கு வேண்டாம். நான் வீட்டிலயே கழுவிப்போட்டு வந்தனான்."

"பேதுருவும் காலக் கழுவ விடமாட்டேன்னு இப்படித்தான் அடம் புடிச்சாரு. இப்பத்தானே வாசிச்சோம்?"

"பாதர், எழும்புங்கோ. சனம் பாக்குது."

"நீங்க காலக் குடுக்காம நான் எப்படி எழும்புறது?"

பாட்டின் சரணங்கள் முடிந்துவிட்டன. நான் பல்லவிக்குத் திரும்பினேன். மறுபடியும் பல்லவி. பாடகர்கள் என்னை முறைத்தார்கள். நான் கண்ணை எடுக்கவில்லை. அக்காவின் உதடு நடுங்கியது. அந்த மனுசியின் உதடு நடுங்கி நான் பார்த்ததே இல்லை.

"அழுகின கால் பாதர்" என்றார். "இதைக் கொண்டுபோய் ராசாவிட்டக் காட்ட ஏலாது."

பாதருக்கு அப்போதுதான் ஏதோ விளங்கியது. முழங்காலிலிருந்து எழும்பவில்லை.

"ராசா மேல இல்ல அக்கா" என்றார். "இந்தா, கீழதான் குந்தியிருக்காரு. அவருகிட்டக் காட்டாம வேற யாருகிட்டக் காட்டுவீங்க?"

என் கை கீபோர்டில் நின்றுவிட்டது. புளோறன்ஸ் அக்கா கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டினார்.

சொக்ஸ் கழன்றது, துணிக்கட்டுக் கழன்றது. வாடை என் இடம் வரைக்கும் வந்தது. பாதரின் முகம் சுளிக்கவில்லை. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். காயத்தில் கை படாமல் சுற்றிவரக் கழுவி, பச்சைப்பிள்ளையைத் துடைப்பதுபோல ஒற்றி எடுத்தார். பிறகு குனிந்து, அந்தக் கறுத்த ஓரத்துக்குப் பக்கத்தில் முத்தமிட்டார். சார்ஜன்ட் கோயில் நடுவில் வாய்விட்டு அழுதார். வெட்கம் பார்க்காமல், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். நானும் அழுதேன். இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

பூசை முடிய நான் அவரிடம் ஓடினேன். மறுபடியும் சண்டை பிடிக்கத் தயாராகத்தான் போனேன்.

"அக்கா, இப்ப ஆஸ்பத்திரிக்கு..."

"ஓமடி" என்றார். "கூட்டிக்கொண்டு போ."

அவ்வளவுதான். எனக்குக் கோபப்படவே இடமில்லாமல் போய்விட்டது. அனுஜன், சுத்தமான இரண்டு கால்களோடு, திரீவீலரைப் பறக்கவிட்டான். வழியெல்லாம் அக்கா என் கையைப் பிடித்திருந்தார். "நான் அவருக்கு என்னென்னவோ குடுத்தன் யோசெப்பின். அவர் கேட்டது இந்தக் காலை. அதைத்தான் நான் ஒளிச்சு வச்சிருந்தன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் திட்டினார், நன்றாகத் திட்டினார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் முழங்கால் வரைக்கும் போயிருக்குமாம். சின்ன விரலை எடுத்தார்கள். கால் தப்பியது! அந்தச் செய்தியை ஒழுங்கைக்குப் போனில் சொன்னபோது அங்கே பட்டாசு வெடித்த சத்தம் எனக்கே கேட்டது. உயிர்ப்பு ஞாயிறன்று வார்டே கோயிலானது. ஒழுங்கைப் பெண்கள் ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்தார்கள். ஒன்றில் உப்பில்லை, ஒன்றில் உப்பைத் தவிர வேறொன்றுமில்லை. என் மீன் குழம்பு அடிப்பிடித்திருந்தது. அக்கா எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "உங்களில ஒருத்திக்கும் சமைக்கத் தெரியாது. நாளைக்கும் கொண்டு வாங்கோ" என்றார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு நொந்தது.

பக்கத்துக் கட்டிலில் பாமன்கடையைச் சேர்ந்த யோகேஸ்வரி என்ற பெண் இருந்தார். அவருக்கும் சீனி வருத்தம், அவருக்கும் காலில் காயம். நெற்றியில் திருநீறு காயாது, வாயில் பேச்சும் வராது. மருந்து கட்ட யார் வந்தாலும் காலைப் போர்வைக்குள் சுருட்டிக்கொள்வார். பெற்ற மகளுக்குக்கூடக் காட்டவில்லை. இரண்டு நாளாக டொக்டர்கள் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு தாதி வந்தபோது நான் அங்கே இருந்தேன். அக்கா உத்தரவு போடப் போகிறார், "காலை நீட்டு" என்று வார்ட் அதிரக் கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. கட்டிலில் இருந்தபடியே தன் காலை இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் நீட்டினார்.

"கக்குல திக் கரன்ன அம்மே" என்று, காலை நன்றாக நீட்டச் சொல்லி, தாதி சிங்களத்தில் சொல்லிக்கொண்டே கட்டை அவிழ்த்தார். விரல் இருந்த இடத்தில் சிவந்த தையல். பார்க்க எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. அக்கா மறைக்கவில்லை.

"தங்கச்சி" என்றார் யோகேஸ்வரியைப் பார்த்து. "மருந்து போடேக்க எனக்குப் பயமாக் கிடக்கு. கொஞ்சம் இந்தக் காலைப் பிடிப்பியே?"

யாரிடமும் ஒரு கோப்பை தேத்தண்ணி வாங்காத மனுசி, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் கேட்டார். அது நடிப்பில்லை, குரல் உண்மையாகவே நடுங்கியது. யோகேஸ்வரி தயங்கித் தயங்கிக் கையை நீட்டி அந்தக் குதிக்காலைத் தன் உள்ளங்கையில் தாங்கினார். தாதி மருந்தைப் போட்டு முடிக்கும்வரை விடவில்லை.

"நன்றி பிள்ளை" என்றார் அக்கா. "எனக்கும் முதல்ல சரியான வெக்கமாத்தான் இருந்தது."

தாதி வண்டியை அடுத்த கட்டிலுக்குத் தள்ளினார். யோகேஸ்வரி ஒரு கையால் புளோறன்ஸ் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் போர்வையை விலக்கினார்.