பயணத்தில் இருப்பவர்களுக்காக

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பேரை வளர்த்தவள் நான். ஐந்து நான் பெற்றவை, இரண்டு அக்கா பெற்றவை. ஏழு பேரும் இன்று நிமிர்ந்து நடக்கிறார்கள்; அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் ஆனபடியால், நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். அக்கா கண்மூடி ஒரு வருடம் நிறைகிறது. முப்பது வருடத்துக்கு மேல் அவரோடு ஒரே குசினியில் சமைத்தவள் நான். ஆகவே இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும்.

அக்கா பிறந்தது மூதூரில், இறங்குதுறைக்குக் கிட்ட. அத்தான், கடலைக் கடக்கிற லோஞ்சிப் படகுகளின் எஞ்சின் திருத்துகிறவர். கை முழுக்க எண்ணெய், வாய் முழுக்கப் பகிடி. சண்டைக்காலத்தில் ஒரு புதன்கிழமை, எஞ்சினுக்குச் சாமான் வாங்கவென்று காலை லோஞ்சியில் திருகோணமலைக்குப் போனார். அங்கே துறையில் இறங்கியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை.

பிள்ளைகள் இரண்டையும் என்னிடம் விட்டுவிட்டு அக்கா தேடப் போனார். முகாம் வாசல், பொலிஸ் வாசல், கந்தோர் வாசல், எல்லா வாசலிலும் நின்றார். திரும்பி வந்தால் கருவாடு போடுவார். உப்புக் கையால் செபமாலையைத் தொடக்கூடாது என்று, ஒரு மீனைப் பரப்ப ஒரு அருள்நிறை மந்திரம் சொல்வார். ஐம்பத்துமூன்று மீன் பாயில் கிடந்தால் ஒரு செபமாலை முடிந்தது என்று அர்த்தம். மூன்று தரம் ஊரை விட்டு ஓடினோம். சனம் சட்டி பானையைத் தூக்க, அக்கா அடுப்புக்கரியை எடுத்துக் கதவில் எழுதினார்: “கட்டைபறிச்சானுக்குப் போறம்.” அத்தான் வந்தால் வாசிக்க வேண்டுமாம்.

கோயிலில் ஞாயிறு பூசை மன்றாட்டுக்குப் பெயர் கொடுப்பது எங்கள் வழக்கம். நோயாளிகளுக்காக, பயணத்தில் இருப்பவர்களுக்காக, மரித்தவர்களுக்காக என்று பங்குச் சுவாமி வாசிப்பார். அக்கா அத்தானின் பெயரைப் பயணத்தில் இருப்பவர்களோடு கொடுத்தார். வருடக்கணக்காக அப்படித்தான். ஒரு நாள் நோயாளிகளோடு மாற்றிக் கொடுத்தார். சுவாமி கேட்டார்:

“அவருக்கு என்ன வருத்தம், அம்மா?”

“சீனி வருத்தம், சுவாமி. அவற்ற தகப்பனுக்கும் அறுபதிலதான் வந்தது.”

சுவாமி அப்படியே எழுதிக்கொண்டார்.

கண் பார்க்கிற டொக்டர்மார் ஊருக்கு வந்தபோது, அத்தானுக்கும் ஒரு கண்ணாடி கேட்டு வாங்கி வந்தார். அந்த வயதில் எழுத்து மங்குமாம். “கண்ணாடி போட்டா உங்கட நரை தெரியும், அக்கா. வேண்டாம், அப்பிடியே விடுங்கோ” என்று நான் பகிடி பண்ணினேன். “தெரியட்டும். அவற்ற தலை என்ன இன்னும் கறுப்பாவோ இருக்கும்?” என்று சிரித்தார்.

இனிச் சொல்லப்போவது என்னுடைய பிழை. அத்தான் மரித்திருந்தால், ஆத்துமாக்கள் மோட்சத்துக்குக் காத்து நிற்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் தனக்கென்று ஒரு செபமும் இல்லாமல் நிற்பாரே என்ற நினைவு என்னைப் பிடித்துக்கொண்டது. லோஞ்சிச் சத்தம் கேட்டால், நனைந்த சேட்டோடு அவர் துறையில் நின்று என்னைப் பார்ப்பது போல இருக்கும். ஒரு கார்த்திகை மாதம், ஆத்துமாக்கள் திருநாளுக்கு, அக்காவைக் கேட்காமல் அவர் பெயரை மரித்தவர்களோடு கொடுத்துவிட்டேன். சேமக்காலையில், எங்களைப் பெற்ற அப்பு ஆச்சியின் கல்லறைக்கு முன்னால் நாங்கள் நிற்கும்போது சுவாமி அதை வாசித்தார். அக்கா திரும்பினார்.

“தங்கச்சி, நீயோ குடுத்தனி?”

“ஓம், அக்கா.”

“எங்க புதைச்சனி? இடத்தைக் காட்டு, நானும் ஒரு திரி கொளுத்துறன்.”

சனமெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றது. உருகிய மெழுகு கையில் ஓடியது. துடைக்கவும் எனக்கு நினைவு வரவில்லை.

பாலன் பிறந்த நத்தார் வரும் வரைக்கும் அக்கா என்னோடு கதைக்கவில்லை. ஒரே குசினி, ஒரே அடுப்பு. நத்தார்ப் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள் என்று சுவாமி சொன்னபோது, அக்கா என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். “ஆண்டவர் சொன்னபடியால் கும்பிடுறன். கோவம் இன்னும் போகேல்ல” என்றார். அக்காவின் விசுவாசம் அப்படிப்பட்டது. மனம் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிராமல் முதலில் கைகூப்பிவிடுவார். அவரை அத்தனை வருடம் நிற்க வைத்ததும் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

கடைசியாகத் திருகோணமலை ஆசுபத்திரியில் இருந்தார். சுவாமி வந்து நோயில் பூசுதல் கொடுத்துவிட்டுப் போன பின்னேரம், என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

“நான் போய்ப் பாக்கிறன், தங்கச்சி. அங்க இருந்தாரெண்டா எப்பிடியும் உனக்குச் சொல்லுவன். இல்லையெண்டா அவர் இங்கதான். பிறகு நீதான் பாக்கவேணும்.”

“ஓம், அக்கா” என்றேன்.

இந்த மலருக்குப் பெயர்ப் பக்கம் தயாராகும்போது, அச்சகத்துத் தம்பி அப்பு ஆச்சியின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போட்டுவிட்டு, அத்தானுக்கும் போடவா என்று கேட்டார். அக்காவின் மகன் என்னைப் பார்த்தான்.

“போடுவம், சின்னம்மா. நானும் அப்பாவுக்கு ஒரு திரி கொளுத்தவேணும். எனக்கும் வயது போகுது.”

நான் வளர்த்த பிள்ளை. அவன் கேட்டதில் பிழை இல்லை. அன்றைக்கு நான் நினைத்ததைத்தான் அவனும் நினைக்கிறான்.

“உன்ர அம்மா போய் ஒரு வருசம்” என்றேன். “கனவிலயும் வரேல்ல. ஒண்டும் சொல்லேல்ல. சொல்லுறன் எண்டு போனவ, மகன்.”

அவன் அச்சகத்துத் தம்பியின் பக்கம் திரும்பினான். “விடுங்கோ, தம்பி. பேரை மட்டும் போடுங்கோ” என்றான்.

அக்காவை ஆசுபத்திரியில் கழுவித் துடைத்த தாதிப் பிள்ளைகளுக்கும், மரண வீட்டுக்குக் கதிரை சுமந்து வந்து அடுக்கிய எங்கள் முஸ்லிம் அயலவர்களுக்கும் நன்றி. லோஞ்சி வரும் நேரமெல்லாம் துறையில் போய் நின்ற அக்காவிடம் பொய் ஆறுதல் சொல்லாமல், பகிடியும் பண்ணாமல், “இண்டைக்கும் வரேல்ல, அக்கா” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போன லோஞ்சிக்காரர்களுக்கு இன்னும் பெரிய நன்றி. போன ஞாயிறும் அத்தானின் பெயரைப் பயணத்தில் இருப்பவர்களோடு நான்தான் கொடுத்தேன்.

காணும், பிள்ளை. பேனையை வை. இப்ப முதலில இருந்து வாசி, பெயர்ப் பக்கத்தையும் சேர்த்து. அத்தான்ர பேர் வாற இடத்தில உரத்து வாசி. வாசல் வரைக்கும் கேக்கட்டும்.