வெறுங்காலும் வால்வு அம்பிளிபயரும்

1. தெரியாது என்று சொல்லாத முதலாளி

நாங்கள் கிட்டாருக்கு அம்பிளிபயர் செய்ததற்கு ஒரே காரணம், எங்கள் முதலாளிக்கு ‘தெரியாது’ என்ற சொல் வாயில் வராது என்பதுதான். எங்கள் முஸ்லிம் ஊரான கல்முனைக்குடியில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். நான் அங்கே வேலை செய்தேன். வாப்பா எனக்கு வைத்த பெயர் ஹனீபா. முதலாளி வைத்த பெயர் ‘டேய்’. எழுபதுகளின் கடைசி அது. ஊரே டிரான்சிஸ்டருக்கு மாறிவிட்டதால் பழைய வால்வு ரேடியோக்கள் எங்கள் பின்னறையில் கூரை முட்டக் கிடந்தன.

ஒருநாள் பாண்டிருப்பிலிருந்து யோகராசா வந்தார். அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். பின்னேரங்களில் இசைக்குழு ஒன்றில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பார். அவர்களூர் அம்மன் கோயில் திருவிழாவில் வாசிக்க ஒத்துக்கொண்டிருந்தார்; கிட்டார் இருந்தது, அம்பிளிபயர் இல்லை.

“வால்வில ஒண்டு செய்யலாமா முதலாளி?”

“செய்யலாமாவா? லண்டன்காரன் வந்து பாத்துப் படிச்சிட்டுப் போவான் தம்பி. நீங்க போய்த் திருவிழாக்கு உடுப்புத் தைங்க.”

முதலாளி அதுவரை கிட்டார் ஒன்றைத் தொட்டதுகூடக் கிடையாது.

2. ஹம்

செத்துப்போன ரேடியோ ஒன்றின் சேஸி, அதாவது எல்லாம் பூட்டும் இரும்புத் தட்டு. இன்னொன்றின் மெயின் டிரான்ஸ்போமர். கலியாண வீட்டு லவுட்ஸ்பீக்கர் செட் ஒன்றிலிருந்து கழற்றிய அவுட்புட் டிரான்ஸ்போமர். பெட்டி தேயிலைப் பெட்டிப் பலகை. எல்லாவற்றையும் பூட்டி ஸ்விட்சைப் போட்டோம். கண்ணாடி வால்வுகள் சிவந்தன. யோகராசா கம்பியைத் தட்டினார். சத்தம் வந்தது, அருமையான சத்தம். அதோடு சேர்ந்து ‘ம்ம்ம்ம்’ என்று ஹம்மும் வந்தது.

ஹம்மைப் போக்க நான் செய்யாத வேலை இல்லை. பில்டர் கொண்டென்சரை மாற்றினேன். ஹீட்டர் வயர்களை முறுக்கினேன். சீல்ட் வயர் போட்டேன். அது பாட்டுக்கு ஓதிக்கொண்டே இருந்தது.

முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “பழைய செட்டெல்லாத்திலயும் மெயின் வயர்ல இருந்து சேஸிக்கு ஒரு கொண்டென்சர் இரிக்கிதானே. அத இதில அடிடா.”

பின்னறைக் குப்பையிலிருந்தே ஒன்றைக் கழற்றி அடித்தேன். ஹம் நின்றுவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் கை தட்டினேன். முதலாளி தேத்தண்ணி வாங்கித் தந்தார். அது வேறு அதிசயம்.

விசயம் தெரிந்த இளையவர்கள் இப்போதே தலையில் கை வைத்திருப்பீர்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பிளக் என்பது ஆடம்பரம். இரண்டு வயர்களின் நுனியைச் சீவி, சொக்கெட் துளைகளில் விட்டு, நெருப்புக் குச்சியால் இறுக்குவோம். எந்த வயர் கரண்ட் பக்கம் போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. எங்கள் கொண்டென்சர் பூட்டிய வயர் கடையில் கரண்ட் இல்லாத பக்கம் போயிருந்தது. மறுபக்கம் போனால், அந்தக் கிழட்டுக் கொண்டென்சர் வழியாகக் கரண்ட் சேஸிக்கு வரும், அங்கிருந்து கிட்டார்க் கம்பிக்கு வரும். இந்தக் கணக்கு எனக்கும் அன்றைக்கு ஓடவில்லை.

3. கோயில் வளவு

திருவிழாப் பின்னேரம் முதலாளியும் நானும் பெட்டியைக் கரத்தையில் ஏற்றிக்கொண்டு பாண்டிருப்புக்குப் போனோம். தூசி அடங்கட்டும் என்று வளவு மணலில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். நாங்களும் கழற்றினோம், யோகராசாவும் கழற்றினார். எங்கள் கடையில் அவர் எப்போதும் ரப்பர் செருப்போடுதான் நின்று வாசித்தவர்.

முதலாளியே தன் கையால் வயரைச் சொருகி நெருப்புக் குச்சியை இறுக்கினார். யோகராசா முன்னுக்கு வந்து, சனத்துக்குக் கும்பிட்டுவிட்டு, கம்பியில் கை வைத்தார்.

ஒரு துள்ளல். என் கண்ணால் பார்த்தேன், கால் இரண்டும் மணலை விட்டுக் கிளம்பின. பிறகு தலை பின்னுக்குச் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் நடுங்க நின்றார். விரல்கள் கம்பியை விடவில்லை. பெட்டி யானை மாதிரிப் பிளிறியது.

“அம்மாள் வந்திட்டா!” என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் குரவை போட்டார்கள். உடுக்கு அடிக்கத் தொடங்கியது. முதலாளி என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“பாருடா! என்ட அம்பிளிபயர் ஆள ஆட வைக்கிது!”

நானும் ஒரு கணம் அப்படித்தான் வாயைப் பிளந்து நின்றேன். அப்போதுதான் பூசாரியார் செம்பு நிறைய மஞ்சள் தண்ணீரோடு யோகராசாவை நோக்கி வருவதைக் கண்டேன். சாமி உரு வந்தவர் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது அங்கே வழக்கம். யோகராசாவின் நீலம் பாரித்த நகங்கள் என் கண்ணில் பட்டன. சேஸி, கம்பி, ஈர மணல், தண்ணீர், எல்லாம் ஒரே நேரத்தில் எனக்கு விளங்கிவிட்டது.

“ஊத்தாதீங்க ஐயா! கரண்ட்!” என்று கத்தினேன். குரவைக்குள் யாருக்குக் கேட்கும்? சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு சனத்தை இடித்துத் தள்ளி ஓடி, வயரைப் பிடித்து இழுத்தேன். குச்சியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. பெட்டி அடங்கியது. யோகராசா மணலில் விழுந்தார். விழுந்த பிறகுதான் தண்ணீர் அவர் மேல் விழுந்தது. அதற்கும் இதற்கும் இடையில் ஒரு மூச்சு விடும் நேரம் இருந்திருக்காது.

கரண்ட் அடித்தது என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஒரு பெரியவர் பரிவோடு என் முதுகில் தட்டினார். “தம்பி, நீங்க சோனக ஆக்கள். உங்களுக்கு இது விளங்காது.” ஒரு அம்மா தன் காணாமல் போன மாடு எந்தப் பக்கம் போயிருக்கும் என்று யோகராசாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பாவம், யோகராசாவுக்குத் தன் கை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே தெரியவில்லை.

4. பிடிச்சுக் காட்டுங்க

யோகராசா கடைக்கு வந்தபோது விரல் நுனிகளில் மருந்து பூசியிருந்தது. அந்த விரல்களை மேசையில் விரித்து வைத்தார்.

“கோயில்ல வயர மாத்திச் சொருகிட்டானுகள் தம்பி” என்றார் முதலாளி.

“சொருகினது நீங்கதான் முதலாளி” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு வோல்டேஜ் கூட.

கொண்டென்சரை வெட்டி எறிந்தேன். மூன்று வயர்க் கேபிளும் மூன்று பின் பிளக்கும் போட்டு, கடைக்குப் பின்னால் இரும்புக் குழாய் அடித்து எர்த் எடுத்தேன். ஹம்முக்கு உண்மையான காரணம் அப்போதுதான் அகப்பட்டது: டிரான்ஸ்போமர்கள் இரண்டும் ஒட்டி உட்கார்ந்திருந்தன. ஒன்றைத் தள்ளித் திருப்பி வைத்ததும் முக்கால்வாசி அடங்கியது.

வேலை முடிந்ததும் யோகராசா பின் வளவு மணலில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். “ஆரு பிடிச்சுக் காட்டுற?”

“டேய், பிடிடா” என்றார் முதலாளி.

“அவர் வேணாம். அண்டைக்கு ஓடி வந்தது அவர்தான். நீங்க பிடிங்க முதலாளி.”

முதலாளி செருப்பைக் கழற்றினார். ஈர மணலில் நின்று கிட்டாரைக் குழந்தைப்பிள்ளை மாதிரி ஏந்திக்கொண்டார். நெற்றி வேர்த்திருந்தது. என் பக்கம் திரும்பி, “ஹனீபா மனே, எல்லாம் சரியாத்தானே பூட்டின?” என்று கேட்டார்.

“ஓம் முதலாளி” என்றேன். ஸ்விட்சில் விரலையும் வைத்துவிட்டேன். அதற்கு மேல் விரல் போகவில்லை. ஓம் என்று சொன்னது வாய்தான். எர்த் ஸ்க்ரூவைக் கடைசியாக எப்போது இறுக்கினேன் என்று யோசித்தால் நினைவு வரவில்லை.

“கொஞ்சம் பொறுங்க” என்று பிளக்கைக் கழற்றி, பெட்டியைத் திருப்பி, ஸ்க்ரூவில் திருப்புளியை வைத்தேன். அரைச் சுற்று உள்ளே போனது. முதலாளியின் வாய் கலிமா சொல்லிக்கொண்டிருந்தது.

பிறகு பிளக்கைச் சொருகி ஸ்விட்சைப் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைத் தொட்டார். ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் வந்தது. ஆள் நின்ற இடத்திலேயே நின்றார்.

தம்பிமாரே, எத்தனையோ செட்டுகள் பூட்டி வெளியே அனுப்பியிருக்கிறேன். எல்லாம் சரி என்று என் வாய் சொன்னால் நான் நம்புவதில்லை. கம்பியைப் பிடிக்கப்போகிறவனின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, திருப்புளியை எடுத்துக்கொண்டு பெட்டிப் பக்கம் திரும்பிப் போவேன்.