பெரட்டுக் கங்காணியின் கடைசி வசனம்

ஒரு பதிப்பகத்தை நான்தான் இழுத்து மூடினேன் என்று ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. கொஞ்சம் சந்தனம், கொஞ்சம் குங்குமம், அளவுக்கு மீறிய பக்தி, இந்த மூன்றையும் வைத்தே காரியத்தை முடித்துவிட்டதாக எண்ணம். வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே அழுது தீர்த்திருப்பேன். திட்டாததால் இத்தனை வருடம் சுமக்க வேண்டியதாயிற்று.

பதிப்பகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜொகூர் பாருவை அடுத்த உலு திராமில், தாமான் எனப்படும் குடியிருப்பில் எங்கள் வீட்டின் பின்னறை, ஒரு பழைய மடிக்கணினி, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா. அவ்வளவுதான். பெயர் ‘ஏழாம் லயம்’. பாலோவுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அக்காவும் தம்பியும் பிறந்து வளர்ந்த வீட்டு வரிசை அது. மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை. விடியுமுன் மோட்டார்சைக்கிளில் கிளம்பி, எல்லைப் பாலத்து நெரிசலில் ஊர்ந்து போய், அதே நெரிசலில் ஊர்ந்து திரும்புவார்.

அந்தக் கிடங்கில் கூட வேலை செய்த பையன்கள்தான் அவருக்கு ஒரு விளையாட்டைப் பழக்கிவிட்டார்கள். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்தப் பாத்திரமாகவே பேச வேண்டும். பூட்டு திறக்குமா, பாம்பு கடிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். பலகை கிடையாது, காய் கிடையாது. எப்படி நடத்துவது, எந்தப் பேய்க்கு எவ்வளவு பலம் என்று சொல்ல ஒரு புத்தகம் மட்டும் உண்டு. மாமா கொண்டுவந்த புத்தகத்தில் கோட்டையும் டிராகனுமாக இருந்தன.

அம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “டிராகன யாருடா பாத்தா? நம்ம தோட்டத்துல இல்லாத பேயா?” என்றார்.

அந்த ஒரு கேள்வியில் பிறந்ததுதான் ஏழாம் லயம். பேய்களை மாமா சொன்னார், அம்மா எழுதினார். ரப்பர்த் தோட்டம், கோயில், கள்ளுக்கடை, ஆற்றங்கரை எல்லாம் விளையாட்டுக்குள் வந்தன. எழுதிய ஒவ்வொரு கதையையும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாப்பாட்டு மேசையில் ஆடிப் பார்ப்போம். நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர். அப்பா எப்போதும் லோரி ஓட்டுநர். நிஜத்திலும் அவருக்கு அதே வேலைதான், மூவாரில் செய்த நாற்காலி மேசைகளை ஜொகூர் பாருவுக்கு ஏற்றி வருவது. வாரம் முழுக்க ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் ஏன் லோரி என்று கேட்டால், “இதுல ரோட்டு ஜேம் இல்லம்மா” என்பார்.

முதல் புத்தகம் எங்கள் யாருடைய நினைப்பையும் தாண்டி ஓடியது. பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பிள்ளைகள் வாங்கினார்கள். சிங்கப்பூரில் ஒரு வாத்தியார் வகுப்பறையிலேயே ஆட்டம் நடத்தினாராம். கனடாவிலிருந்துகூட ஒருவர் கேட்டு எழுதினார். சனிக்கிழமைகளில் ஆட வருபவர்கள் கழற்றிப்போட்ட சப்பாத்துகள் எங்கள் வாசலில் குவியும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி, நாங்கள் ஏதோ சத்துமாவு விற்கும் நேரடி விற்பனைக் கூட்டம் நடத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு கதவை அடைத்தே வைத்திருந்தார். அம்மா அப்போது ஒரு கிளினிக்கில் முகப்பில் உட்காரும் வேலையில் இருந்தார். அங்கே அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘அக்கா, என் நம்பர் எப்ப வரும்’ என்பதோடு சரி. புத்தக அட்டையில் அவர் முழுப்பெயர் இருந்தது. கைப்பையில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவார். அதை அங்கே யாருக்கும் காட்டியதாகத் தெரியவில்லை.

ஆசை யாரை விட்டது? இரண்டாவது புத்தகத்தைப் பெரிதாகப் போட நினைத்தார்கள். பெயர் ‘பெரட்டு’. தோட்டத்தில் விடியற்காலையில் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்கு அதுதான் பெயர். செத்துப்போன கங்காணி ஒருவர் தினமும் வந்து பெரட்டு எடுக்கிறார். அவர் குரல் கேட்டதும் யார் வாய் திறந்து பதில் சொன்னாலும் சரி, அந்த ஆள் அவரோடு போயாக வேண்டும், ஆட்டத்தில் இல்லை. இதுதான் அந்தப் புத்தகத்தின் தலையாய விதி.

எழுதி முடிக்க மூன்று வருடம் ஆயிற்று. முன்பதிவு செய்தவர்கள் முதல் வருடம் அன்பாக விசாரித்தார்கள். இரண்டாம் வருடம் விசாரித்தார்கள். மூன்றாம் வருடம் அன்பும் இல்லை, விசாரிப்பும் இல்லை, வசவுதான். மாமா வேலையிலிருந்து வந்து ஹெல்மட்டைக் கழற்றாமலே நாற்காலியில் தூங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அம்மா சோறு போட்டு வைத்துவிட்டு, ஹெல்மட்டை மெதுவாகத் தட்டி எழுப்புவார். எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

ஒரே வீட்டில் இருந்தாலும் அவர்கள் இருவருக்கும் நேரம் ஒத்துவராது. அதனால் கணினியிலேயே பேசிக்கொள்வார்கள். மாமா கதைக்கு நடுவிலேயே சதுர அடைப்புக்குறி போட்டு, ‘அக்கா, இங்க மழை வேணாம்’ என்று தட்டிவிட்டுப் போவார். அம்மா அதற்குக் கீழே, ‘நீ எழுதுடா பாப்போம்’ என்று பதில் போடுவார். எல்லாம் முடிந்த பிறகு மாமா உட்கார்ந்து அந்தப் பேச்சையெல்லாம் அழித்து, சுத்தமான பிரதியைப் புதிய பென்டிரைவில் ஏற்றினார். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஜோடியாக வாங்கிய கறுப்பு பென்டிரைவ்கள். பேச்சு அழியாமல் இருந்ததில் ‘பழசு’ என்றும் மற்றதில் ‘புதுசு’ என்றும் காகிதம் ஒட்டியிருந்தது.

மறுநாள் சரஸ்வதி பூசை. உழைக்கும் பொருளையெல்லாம் சாமி முன்னால் வைத்து, ஒருநாள் தொடாமல் இருக்க வேண்டும். அப்பா லோரிச் சாவியை வைத்தார், அம்மா பேனாவை வைத்தார், மாமா பகடைகளையும் புதுசையும் வைத்தார். கணக்குப் புத்தகத்தைத் தொட வேண்டாம் என்ற மகிழ்ச்சியில் நான் என் பள்ளிப்பை மொத்தத்தையும் வைத்தேன். பொட்டு வைக்கும் வேலை என்னுடையது. அப்போதுதான் எனக்கு நியாய உணர்ச்சி பொங்கியது. மூன்று வருடம் உழைத்தது பழசுதானே, நேற்று வந்த புதுசுக்கு மட்டும் பூசையா? மாமாவின் மேசை இழுப்பறையிலிருந்து பழசையும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் காகிதம் மறையும் அளவுக்குச் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தேன்.

அடுத்த நாள் காலையில் மாமா வழக்கம்போல் விடியுமுன் போய்விட்டார். மூவாரில் இருந்த அச்சகத்துக்கு அப்பா லோரியில் போகும்போதே பென்டிரைவைக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. ஏற்கெனவே மூன்று வருடத் தாமதம், மாதிரிப் பக்கமெல்லாம் பார்க்க வேண்டாம், நேராக அடிக்கட்டும் என்று மாமா சொல்லியிருந்தார். அம்மா கற்பூரம் காட்டிவிட்டுக் கிளினிக்குக்கு ஓடும் அவசரத்தில் சாமி மேடையைப் பார்த்துத் திகைத்தார்.

“இதுல எதுடி புதுசு?”

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பொட்டு வைத்தவளுக்கே தெரியவில்லை என்றால் மரியாதை என்னாவது? சந்தனம் அழகாக அமைந்திருந்த ஒன்றைக் காட்டினேன். அம்மா அதைத் துடைத்து அப்பா கையில் கொடுத்தார். காகிதம் சந்தனத்தோடு உரிந்து வந்துவிட்டது. அச்சகத்துச் சீனருக்குத் தமிழ் தெரியாது, கொடுத்ததைக் கொடுத்தபடி அடித்தார்.

பெட்டிகள் லோரியில் வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கல்யாணக் களை. அம்மா கேசரி கிண்டியிருந்தார். முதல் பிரதியைப் பிரித்து முதல் ஆட்டத்தை எங்கள் மேசையில்தான் ஆடுவது என்பது வழக்கம். இந்த முறை கதை நடத்தும் பதவியை மாமா எனக்குக் கொடுத்தார். மாமாவும் அப்பாவும் அம்மாவும் ஆடுபவர்கள், நான் வாசிப்பவள். பேயாகப் பேச ஒரு வாரமாகக் கரகரத்த குரலைப் பழகி வைத்திருந்தேன்.

மூன்றாவது பக்கத்தில், “அக்கா, இங்க மழை வேணாம், ஏற்கனவே மூணு மழை பேஞ்சிருச்சு” என்று வாசித்தேன்.

அப்பா சிரித்தார். பிறகு அவர் மட்டும்தான் சிரிக்கிறார் என்பதைக் கவனித்து நிறுத்திக்கொண்டார். அம்மா என் கையிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தார். இன்னொரு பிரதியைப் பிரித்தார், அதற்கு மேல் ஒன்றையும் பிரித்தார். எல்லாவற்றிலும் மழை வேண்டாம் என்றுதான் இருந்தது. நான் சந்தனத்தை நினைத்துக்கொண்டேன்.

அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அப்புறம் என்ன தோன்றியதோ, சிரிக்க ஆரம்பித்துவிட்டார். “அலமாக்! நம்ம சண்டையெல்லாம் கனடா வரைக்கும் போவப் போவுது.”

மாமா சிரிக்கவில்லை. “போதும்மா, மூடு. அப்புறமா ஆடலாம்” என்று என்னிடம் கையை நீட்டினார்.

“அடிச்சாச்சு, இனி என்ன? வாசிக்கட்டும்டா” என்றார் அம்மா.

அம்மா சிரித்துவிட்டதால் எனக்கு உயிர் திரும்பி வந்திருந்தது. வாராது வந்த பதவியை யார் விடுவார்கள்? புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசித்தேன். அடைப்புக்குறி வரும்போதெல்லாம் அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். மாமா இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவையும் உட்கார்ந்தார். கங்காணி வரும் பக்கத்துக்கு வந்தோம். அவர் பேச வேண்டிய வசனங்கள் அங்கே வரிசையாக இருந்தன. கடைசி வசனத்துக்கு அடைப்புக்குறி இல்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பழகி வைத்த பேய்க்குரலில், மெதுவாக, பயங்கரமாகச் சொன்னேன்.

“அக்கா, என்னால முடியல. இந்தப் புத்தகத்தோட நிறுத்திக்கலாம். உன் மொகத்தப் பாத்துச் சொல்ல தைரியம் இல்ல.”

கங்காணிக்கு ஓர் அக்கா இருப்பதாக முன்பு யாரும் சொல்லவில்லை. இருக்கட்டுமே, பேய்க்கும் உடன்பிறப்பு இருக்காதா என்று நினைத்தேன். மேசையில் யாரும் அசையவில்லை. என் நடிப்பு அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது என்று பெருமையாக இருந்தது. அப்பா கையிலிருந்த பகடையைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தார். மாமா தலை குனிந்திருந்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரிடா தம்பி” என்றார் அம்மா.

நான் துள்ளி எழுந்தேன். “அம்மா பதில் சொல்லிட்டாங்க! கங்காணி பேசுனா யாரும் பதில் சொல்லக் கூடாது! அம்மா அவுட்டு, அம்மா ஆட்டத்துல இல்ல!”

அதன் பிறகு மூன்றாவது புத்தகம் வரவில்லை. காத்திருந்தவர்களுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதத்தோடு அதே பிரதிகள் போயின. அடைப்புக்குறிகளை விரும்பிப் படித்தவர்களும் இருந்தார்கள். இதேபோல் இன்னொன்று போடுங்கள் என்று ஒருவர் எழுதினார். அம்மா பதில் எழுதவில்லை. மிஞ்சிய பெட்டிகள் சப்பாத்து வைக்கும் மேசையாகின. மாமா பிறகு கல்யாணம் பண்ணிக்கொண்டு பக்கத்துத் தாமானுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் போகும்போது பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பார். அம்மா அவரை எழுப்ப விடமாட்டார். ஏழாம் லயம் மூடியதற்கு என் சந்தனம்தான் காரணம் என்று நான் நம்பியதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

இப்போது நானும் அந்தப் பாலத்தில்தான் போய் வருகிறேன். போன மாதம் அம்மா வீட்டில் சப்பாத்து எடுக்கும்போது, கரையான் தொட்ட ஒரு பெட்டியிலிருந்து ஒரு பிரதியை உருவி அந்தப் பக்கத்தைத் திறந்தேன். வேலையும் வெயிலும் சேர்ந்து மண்டையைப் பிளக்கும் நேரம். ‘என்னால முடியல’ என்ற வரியை என் சொந்தக் குரலில் ஒருமுறை வாசித்தேன். அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பழசில் இருந்தது, புதுசில் இல்லை. அக்கா பார்க்குமுன் மாமாவே சுத்தப் பிரதியில் அதை அழித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு தொடர்ந்து உழைக்கத்தான் இருந்திருக்கிறார்.

அம்மாவிடம் பென்டிரைவைப் பற்றி முதல் முறையாகச் சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். “அச்சு தப்புன்னா மறுபடி அடிச்சிருக்கலாம்டி. எனக்கு இன்னும் பத்து புத்தகம் எழுத இருந்திச்சு. அவன் தூங்கட்டுமேன்னுதான்” என்றார். வெங்காயத்தை உரித்து முடித்து அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு மேசையில் கடைசியாக நடந்த ஒன்றை நான் அம்மாவுக்கு நினைவுபடுத்தவில்லை. அம்மா அவுட்டு என்று நான் குதித்துக்கொண்டிருந்தபோது, மாமா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அக்கா ஆட்டத்தை விட்டுப் போகிறார் என்றுதான் அழுகிறார் என எனக்கு நன்றாகவே புரிந்தது. கதை நடத்துபவளுக்கு விதியைத் தளர்த்தும் அதிகாரம் உண்டு. நான் பெரிய மனதோடு பகடையை அம்மா பக்கம் நகர்த்தி, “அழாதீங்க மாமா, அம்மாவுக்கு இன்னொரு சான்ஸ் குடுக்கலாம்” என்றேன்.