நீர்முள்ளி காய்ந்திருந்த மனை

2025 மார்ச் 8, சனிக்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். பால் 5.40க்கு வந்தது. தொட்டிச் செடிகளுக்கு இரண்டு வாளி தண்ணீர். பிறகு, முந்தின இரவு டம்ளரில் ஊறப்போட்ட நீர்முள்ளி விதையைப் பார்த்தேன். கால் வீக்கத்துக்காகத் தாம்பரம் மார்க்கெட்டில் நாட்டுமருந்துக் கடையில் வாங்கியது. எள்ளளவு விதைகள் கொழகொழவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, டம்ளரைச் சாய்த்தாலும் அடியை விட்டு வர மறுத்தன.

அந்தப் பசை செடிக்குத் தேவையானது. ஏரி ஓரத்து வெள்ளம் அடித்துக்கொண்டு போகாமல் சேற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டுமே. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் முப்பது வருடம் தாவரவியல் நடத்துகிறவளுக்கு இதெல்லாம் தூக்கத்திலும் வரும். நீர்முள்ளிக்குக் கணுவுக்குக் கணு முள். முள்ளைப் பார்த்து வறண்ட நிலத்துச் செடி என்று எழுதும் மாணவிகளுக்கு அரை மதிப்பெண் வெட்டுவேன். முள் ஆடுமாடுகளின் வாய்க்குப் பயந்து வைத்துக்கொண்டது. வேர் கேட்பது தண்ணீர். மழைக்காலத்தில் கணுக்கால் தண்ணீரில் நிற்கும், தை மாதம் ஊதாவாகப் பூக்கும், சித்திரையில் குச்சியாகக் காயும். அந்தக் குச்சி நிற்கிற இடத்தில் அடுத்த ஐப்பசியில் தண்ணீர் நிற்கும்.

டம்ளரிலிருந்து வந்த சேற்று வாடை மார்த்தாவை நினைவுக்குக் கொண்டுவந்தது. மார்த்தா கணக்கு டீச்சர். ஆசிரியர் அறையில் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை, ஒரே இழுப்பறை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் 'பாட்டனி'தான். என் டைரியை எடுத்துச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். "கேஸ் வந்தது. மழை இல்லை. ஏன்டி, இதை ஒரு திருடன் தூக்கிட்டுப் போனான்னா வாசல்லயே தூங்கிடுவான்." பூட்டி வைக்க வேண்டிய டைரி இல்லை என்பது உண்மைதான். ஒரு பக்கத்தைத் தவிர.

நான் வேலைக்கு வந்த ஆறாவது வருடம், மே மாதம். மார்த்தாவும் அவள் கணவர் ஆசீரும் வீடு கட்ட மனை தேடிக்கொண்டிருந்தார்கள். காட்டாங்குளத்தூரில் மேட்டு நிலத்தில் ஒன்று அநேகமாக முடிவாகியிருந்தது. அதற்குள் சேலையூர் தாண்டி, ஏரிக்குப் பின்னால் இன்னொன்று வந்தது. என் வீட்டிலிருந்து இரண்டே தெரு. பார்க்க என்னையும் கூட்டிப்போனாள்.

ஆசீர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் அளந்து நடந்தார். "இங்க ஹால். இங்க என் புக்ஸ்." நான் வடகிழக்கு மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புரோக்கர் என் பார்வையைக் கவனித்துவிட்டார்.

"இன்னா மேடம் பாக்கறீங்க? வெறும் முள்ளுச்செடி. முள்ளு மொளைக்கிற எடத்துல தண்ணி எங்க நிக்கும்? கட்டாந்தரை மேடம், கட்டாந்தரை."

"ஏய் பாட்டனி, இவர் சொல்றது சரியா?" என்றாள் மார்த்தா. முகமெல்லாம் சிரிப்பு.

ஒரு மாணவி எழுதியிருந்தால் அரை மதிப்பெண் வெட்டியிருப்பேன். மார்த்தா இரண்டு தெரு தள்ளி இருப்பாள், சாயங்காலம் சேர்ந்து நடக்கலாம், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கிண்ணத்தில் வரும். இதெல்லாம் அந்த ஒரு நொடியில் எனக்குத் தோன்றியது. "மண்ணு நல்ல மண்ணு" என்றேன்.

கிண்ணத்தில் குழம்பு வந்தது. தண்ணீரும் வந்தது. முதல் வருடம் ஒரு படி, பிறகு மூன்று படி. ஒரு வருடம் ஜன்னல் வரை வந்து நான்கு நாள் நின்றது. ஆசீர் அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டே புத்தகங்களைப் பரண்மேல் ஏற்றினார். பிறகு காய்ச்சல். பதினோராம் நாள் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை விதையை வடிகட்டிக்கொண்டிருந்தபோது மார்த்தா போன் செய்தாள். வீட்டை விற்றுவிட்டுப் பெங்களூரில் மகளிடம் போகப்போகிறாள். "பேக் பண்ண வாடி, பாட்டனி. முதுகு ஒத்துழைக்கல."

போனேன். பதினோரு மணிக்கு அவள் வீட்டைப் பார்க்க ஒரு இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஆறு மாதம் இருக்கும். சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, மழைத்தண்ணி பிரச்சனை எதுவும் இல்லையே?" என்றாள். நான் குனிந்து பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"இருக்கும்மா" என்றாள் மார்த்தா. "மூணாவது படி வரைக்கும் சாதாரணமா வரும். ஒரு வருஷம் ஜன்னல் வரைக்கும் வந்துச்சு. சுவத்துல கோடு இருக்கு, பெயின்ட்டுக்கு அடியில."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜூஸ் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"இப்படிச் சொன்னா யாருடி வாங்குவா?" என்றேன்.

"வாங்க வேணாம். எங்களுக்கு அன்னிக்கு யாரும் சொல்லல. தெரிஞ்சவங்க யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா... அந்த டேப்பைக் குடு."

கொடுத்தேன்.

திரும்பும்போது ஏரிக்கரை வழியாக வந்தேன். கரையோரம் முழுக்க சிமெண்ட் நடைபாதை, பக்கத்தில் காலி மனைகளில் செம்மண் கொட்டி நிரவியிருக்கிறார்கள். ஒரு நீர்முள்ளிகூட இல்லை. இனி மனை பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்ல அங்கே ஒரு காய்ந்த குச்சியும் மிச்சமில்லை.

சாயங்காலம் பழைய டைரியைத் தேடி எடுத்தேன். வருட வாரியாக அடுக்கியிருப்பதால் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. 'மாலை 4.30, மார்த்தா, ஆசீருடன் மனை. வடகிழக்கு மூலையில் நீர்முள்ளி, காய்ந்தது, பதினாறு குச்சி, இடுப்புயரம். சொல்லவில்லை. மழை இல்லை.'

மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாக, பால் வருவதற்கு முன்பே, அந்த டைரியை எடுத்துக்கொண்டு வீங்கிய காலோடு இரண்டு தெரு நடந்தேன். மார்த்தா கோயிலுக்குப் போக வெள்ளைப் புடவை கட்டித் தயாராக இருந்தாள்.

"என்னடி இவ்ளோ காலைல? காப்பிப்பொடி தீந்துடுச்சா?"

பக்கத்தைப் பிரித்து நீட்டினேன். "படி" என்றேன்.

எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் டைரியைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடி உள்ளே போனாள். நான் மூன்றாவது படியில் நின்றுகொண்டிருந்தேன்.