பத்து விரலிலும் மருதாணி

வியாழக்கிழமை என் மார்பிலிருக்கும் கட்டியை எடுக்கிறார்கள். அதற்கு முந்தைய பரிசோதனைக்காக இன்று காலை அடையாறில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்.

ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை விரலில் மாட்ட வந்த நர்ஸ், என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, கல்யாணத்துக்கா போறீங்க?"

பழைய தஞ்சாவூர் ஓவியங்களில் பெண்களின் விரல்நுனியில் இருக்கும் சிவப்பு உண்மையில் மருதாணிதானா, அல்லது ஓவியர்களின் வழக்கமா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க என் விரல்களிலும் அதேபோல் வைத்துக்கொண்டேன். அவரிடம் இதைச் சொன்னேன்.

"படத்துல கீறவங்களுக்கு ஆபரேஷனா பண்றாங்க?"

பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் சிரித்துவிட்டார். நர்ஸ் சிரிக்கவில்லை.

"மயக்கத்துல இருக்கசொல்ல ஆக்சிஜன் கொறஞ்சு நகம் நீலமாவுதான்னு பாப்பாங்க. இந்தச் செவப்புல இன்னா தெரியும்? எப்போ போவும் இது?"

"நகம் வளர்ந்தால்தான்" என்றேன்.

"ஒரு விரலாச்சும் வெளுக்கணும்மா. டாக்டர் ஒத்துக்கலன்னா தேதி தள்ளிப்போவும்."

என் நகம் நீலமாகக்கூடும் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. ஆட்டோவில் மந்தைவெளி வரும்வரை நகங்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். தேதி தள்ளிப்போனால் நல்லதுதானே என்று ஒரு நிமிடம் தோன்றியது. அந்த நினைப்புதான் நீல நகத்தைவிடப் பயமாக இருக்கிறது.

மருதாணியைப் போக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எலுமிச்சையும் சமையல் சோடாவும் தேய்த்தாயிற்று. பயப்படாதே என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதைக் காலையிலிருந்து நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒரு பலனும் இல்லை.